மாலை வகுப்பு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் மஹல்லாப் பிள்ளைகளுக்குக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் இலவச மாலை வகுப்பு நடத்த நிர்வாகக் குழு எண்ணியிருப்பதறிந்து மகிழ்ந்தேன். அதுகுறித்துச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

வளைகுடா வெயிலில் உழைக்கும் தந்தை அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு மாதந்தோறும் டியூஷன் கட்டணமாகச் செல்கிறது. அவ்வாறு செலவிட்டும் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 35 மதிப்பெண் எட்டாத பிள்ளைகள் இருக்கிறார்கள். மகனாயின் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறோம். மகளாயின் படிப்பையே நிறுத்திவிடுகிறோம்.

இது பிள்ளையின் மந்த புத்தியால் நேர்வதன்று. பத்தாம் வகுப்பு மாணவனுக்கு டியூஷனிலும் பத்தாம் வகுப்புப் பாடமே மீண்டும் நடத்தப்படுகிறது. அவனது தடுமாற்றமோ ஐந்தாம், ஆறாம் வகுப்பில் தொடங்கியது. 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால், மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டி 2/5 என்று எழுதுகிறான். அது அரையைவிடச் சிறியதாயிற்றே, கூட்டியபின் எப்படிக் குறையும் என்று அவனைக் கேட்டவர் இல்லை. 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்று பெருக்கலுக்குரிய விதியை மனனம் செய்தவன், -3-5 என்பதற்கு 8 என விடையளிக்கிறான். இவனுக்கு இருபடிச் சமன்பாட்டை எத்தனை மாலைகள் நடத்தினாலும் பயன் விளையாது.

ஆங்கிலத்திலும் இதே நிலைதான். வினா விடைகளை நெட்டுருச் செய்து எழுதும் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க வருவதில்லை. தமிழில் வினைச்சொல் இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். 'போகிறேன், போகிறாய், போகிறான்' என நம் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறும். அங்கோ 'ஐ கோ, யூ கோ' என்று ஒரே வடிவில் சென்று 'ஹீ கோஸ்' என்னுமிடத்தில் மாறுகிறது. இதனைத் தமிழிலேயே விளக்கினால் எளிதில் பிடிபடும். ஆங்கிலத்தை ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும் என வலியுறுத்தும் பெற்றோர் சற்றே பொறுத்தருள வேண்டும்!

இதற்கான முறையை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. நம் மதரஸாவில் உஸ்தாத் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அழைத்து ஓதக் கேட்கிறார். நேற்றைய பாடம் பிழையின்றி வந்தால்தான் அடுத்த பாடம். வயதில் மூத்தவன் என்பதற்காக எழுத்துக்கூட்டத் தெரியாதவனை அவர் ஓதலில் முன்னே தள்ளுவதில்லை. கணக்கிற்கும் இதுவே வேண்டும்.

டியூஷனே கூடாது என்பாரும் உளர். தென்கொரிய அரசு 1980-இல் தனிப்பயிற்சியைத் தடை செய்தது. 2000-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. பிள்ளைக்குத் தேவை இருக்கும்வரை தடை நிலைப்பது அரிது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடுக்கிறது. ஆகவே பணியிலுள்ள பள்ளி ஆசிரியர்களைக் குழுவினர் அணுக வேண்டாம். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களைக் கொண்டே நடத்தப்பட்டது. நம் மஹல்லாவில் பட்டம் பெற்றுவிட்டு வீட்டிலிருக்கும் பெண்மக்கள் எத்தனை பேர்! சிறு ஊக்கத்தொகையுடன் அவர்களிடம் இப்பணியை ஒப்படைக்கலாம். ஒருவருக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். பள்ளி, மதரஸா, பின்னர் இவ்வகுப்பு என்றால் பிள்ளை களைத்துவிடுவான். வாரத்தில் நான்கு நாள், ஒரு மணி நேரம் போதும். பெண்பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின் வகுப்பு வைத்து மஃரிபுக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

முதல் வாரத்தில் பாடம் எதுவும் நடத்தலாகாது. ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறான் என்பதை அறிவதற்கே அந்த வாரம். வாய்பாடு, வகுத்தல், பின்னம், குறை எண்கள், ஆங்கிலத்தில் ஒரு பத்தியை உரக்க வாசித்தல், ஐந்து வாக்கியம் எழுதுதல் ஆகியவை அடங்கிய இரண்டு பக்க வினாத்தாளைத் தயாரித்துக் கொண்டு வந்துள்ளேன். இதில் வகுப்பு எண் எதுவும் இராது. ஆறாம் வகுப்பு மாணவனும் பத்தாம் வகுப்பு மாணவனும் இதே தாளை எழுதலாம். மதிப்பெண்ணை ஆசிரியரும் பெற்றோரும் மட்டுமே அறிய வேண்டும். நகல் எடுக்கும் பொறுப்பைச் செயலாளர் அவர்கள் ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.