மீன் தொட்டியில் ஒளியும் வெப்பமும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் நம்மவரிடையே பலர் உளர். ஊரை விட்டு வந்து வாடகை வீட்டில் குடியிருப்போருக்கு அது பொருத்தமான பொழுதுபோக்கும் ஆகும். நாய் வளர்ப்பதற்கு வீட்டுக்காரர் எளிதில் இசைய மாட்டார். மீனுக்குத் தடை சொல்வோர் அரியர். இவ்வாறு தொடங்குகிறவர்களுக்குச் சில காலம் சென்றபின் நீருக்குள் செடி வளர்க்கும் ஆசை உண்டாகிறது. செந்நிற இலைகளும், தரையோடு படரும் பசும்புல்லும் வேண்டுமென்று எண்ணி, இருந்த சிறு குழல்விளக்கைக் கழற்றிவிட்டு, ஆற்றல் மிக்க விளக்கை மாட்டுகின்றனர். தொட்டி ஒளிமயமாகிறது. கோடை வந்ததும் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. செடிக்காக வாங்கிய விளக்கு மீனுக்கு வினையாக முடிவதன் காரணத்தையும், அதைத் தவிர்க்கும் வழியையும் இன்று ஆராய்வோம்.

விளக்கு உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. ஒளியாக வெளிப்படும் பகுதியும் இதற்கு விலக்கன்று. செடியும் மணலும் நீரும் அவ்வொளியை ஏற்றுச் சூடாகின்றன. செடிகள் தம் உணவாக்கிக்கொள்ளும் பங்கு மிகச் சிறிது. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி வெப்பத்துக்குச் சமம். ஒரு கிலோகலோரி ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்கும். 100 லிட்டர்த் தொட்டியின்மேல் 150 வாட் விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் செலவாவது 1.2 யூனிட். அவ்வெப்பம் முழுவதும் நீரில் சேர்ந்து, வெளியேற வழியின்றி நின்றுவிட்டால், நீரின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயரும். நடைமுறையில் பெரும்பகுதி அறைக்குள் போய்விடுவதால் அவ்வளவு உயர்வதில்லை. ஆயினும் 28 டிகிரியில் இருந்த நீர் 32ஐ எட்டுவது புதுமையன்று.

நான்கு டிகிரியில் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். 25 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கக்கூடும். 30 டிகிரியில் அது 7.6ஆகக் குறைகிறது. நீர் சூடேறச் சூடேற மீனின் மூச்சுத் தேவையோ கூடுகிறது. வரவு சுருங்கும் அதே வேளையில் செலவு பெருகும் குடும்பத்தின் நிலைதான் மீனின் நிலையும். டிஸ்கஸ் என்னும் வட்ட மீன் 28 முதல் 30 டிகிரி வரை இன்பமாக வாழும். நியான் டெட்ராவும் பொன்மீனும் அவ்வாறல்ல. ‘மிஸ் கேரளா’ என்று பெயர் பெற்ற நம் மேற்குத் தொடர்ச்சி மலை மீனோ விரைந்தோடும் ஓடைகளில், பிராணவாயு நிறைந்த நீரில் வாழ்ந்து பழகியது. அதனை வெந்நீரில் வைப்பது கொடுமையாகும்.

விளக்குகளிலும் வேறுபாடு உண்டு. உலோக ஹாலைடு விளக்கு ஒளியோடு அனற்கதிரையும் நேரே கீழே பாய்ச்சும். அதனை இன்னும் வைத்திருப்போர் நீர்மட்டத்துக்கு ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு, சோக்கைத் தொட்டியின் பெட்டிக்குள் வைக்காமல் அப்பால் வைத்தல் நலம். இப்போது பெருவழக்காகிவிட்ட எல்.இ.டி. விளக்கு கீழ்நோக்கி அனல் வீசுவதில்லை. ஆகவே அது சூடே தராது என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. அவ்விளக்கு உண்ணும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி அதன் முதுகுப்புறத்து உலோகத் தகட்டில் வெப்பமாக வெளிப்படுகிறது. அழகுக்காகச் செய்த மர மூடிக்குள் அதனை அடைத்துவிட்டால், அவ்வெப்பம் நீரையும் தாக்கும். விளக்கின் ஆயுளையும் குறைக்கும். மூடியைத் திறந்துவிடுவதே முதல் சிகிச்சை. அதற்குக் காசு செலவில்லை. மீன் துள்ளி விழுமென்ற அச்சமிருந்தால் வலை போடலாம்.

இனி, குளிர்விக்கும் வழிகளுக்கு வருவோம். பெரும்பாலோர் முதலில் நாடுவது பனிக்கட்டியை. ஒரு கிலோ பனிக்கட்டி உருகித் தொட்டி நீரோடு சமநிலை அடைவதற்குள் சுமார் 107 கிலோகலோரியை உறிஞ்சும். 100 லிட்டர் நீர் அதனால் ஒரே ஒரு டிகிரிதான் குளிரும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போதோ சுமார் 580 கிலோகலோரியை எடுத்துச் செல்கிறது. அதே தொட்டி ஏறக்குறைய 6 டிகிரி குளிர்வதற்கு அது போதும். நம் பாட்டிமார் மண்பானையில் நீரைக் குளிரவைத்ததும், வடநாட்டார் சுராஹியில் வைப்பதும் இந்த நியாயத்தைக் கொண்டுதான். நீர்மட்டத்தின்மேல் சாய்வாகக் காற்று வீசும் சிறு மின்விசிறி, பனிப்பெட்டியைவிட வல்லமை உடையது. 90 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் நீர்மட்டம் மூன்று மில்லிமீட்டர் இறங்கினால் ஒரு லிட்டர் ஆவியாயிற்று என்று கொள்ளலாம். கண்ணாடியில் ஒரு கோடு கிழித்துவைத்தால் விசிறியின் உழைப்பை நாமே கணக்கிடலாம்.

ஆனால், இங்கேதான் ஊருக்கு ஊர் நியாயம் மாறுகிறது. விசிறியால் நீரை எவ்வளவு குளிர்விக்கலாம் என்பதற்குக் காற்றின் ஈரம் ஓர் எல்லை வகுத்துள்ளது. சாதாரண வெப்பமானியின் நுனியில் நனைத்த பஞ்சுத்துணியைச் சுற்றி, விசிறிக்கு எதிரே சில நிமிடம் பிடித்துப் பாருங்கள். அது காட்டும் அளவே அவ்வெல்லை. விளக்கு எரியும் தொட்டியில் அவ்வெல்லையைத் தொடுவதும் அரிது. தில்லியில் மே மாதத்துப் பகலில் காற்று 42 டிகிரியாகவும் ஈரப்பதம் 20 சதவீதமாகவும் இருந்தால், ஈரத்துணி வெப்பமானி 24ஐக் காட்டும். அங்கே விசிறி வரப்பிரசாதம். மும்பையில் காற்று 33 டிகிரிதான். ஆனால் ஈரப்பதம் 70 சதவீதமானால் எல்லை 28ஆக உயர்ந்துவிடுகிறது. கொல்கத்தாவின் புழுக்கமும் அத்தகையதே. ஆகவே சென்னையிலிருக்கும் மைத்துனர் “விசிறி வைத்தேன், பயனில்லை” என்று சொன்னால், நாகபுரியிலிருப்பவர் அதைக் கேட்டுக் கைவிட வேண்டுவதில்லை. தில்லி அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஜூலையில் மழை தொடங்கியதும், மே மாதத்தில் கைகொடுத்த அதே விசிறி கைவிட்டுவிடும். அறையில் தண்ணீர்க் கூலர் ஓடினாலும் காற்று ஈரமாகி, தொட்டி விசிறியின் பயன் குறையும். பெங்களூருவில் இருப்போர் இத்தொல்லைகளை எண்ணிச் சிரிக்கலாம், அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஆவியாவது நீர் மட்டுமே. அதிலுள்ள உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த நீரை ஆழ்துளைக் கிணற்று நீரால் நாள்தோறும் நிரப்பினால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். உப்பு நீக்கிய நீரோ, தூய மழைநீரோ நன்று. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நண்பகலில் வரும் குழாய் நீர் கையைச் சுடும் என்பது வடநாட்டுக் கோடையை அறிந்தோர்க்குத் தெரியும். முதல் நாள் இரவே பிடித்து வீட்டுக்குள் வைத்து, மறுநாள் ஊற்றுக.

ஈரக்காற்று ஊர்களில் என் செய்வது? விளக்கெரியும் நேரத்தை மாற்றுவதே என் முதல் யோசனை. செடிகளுக்கு நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேர ஒளி போதும். அது நண்பகலிலேயே கிடைக்க வேண்டுமென்ற நியதி இல்லை. மாலை நான்கு மணிக்கு மேல் எரியவிட்டால், வெயிலின் வெப்பமும் விளக்கின் வெப்பமும் ஒருசேரத் தாக்குவது குறையும். அலுவலகத்திலிருந்து வந்து பார்க்கும் கண்ணுக்கும் விருந்து. அடுத்து, ஒளியளவைக் குறைக்கும் வசதி விளக்கில் இருந்தால் அதனைப் பயன்படுத்துக. முழு ஆற்றலில் எரிந்தாக வேண்டிய தொட்டிகள் சிலவே. உரமும் கரியமில வாயுவும் கூடாமல் ஒளி மட்டும் கூடினால் செழிப்பது செடியன்று, பாசியே. குளிர்விப்பு இயந்திரம் வாங்குவது கடைசி வழி. அது நீரிலிருந்து எடுத்த வெப்பத்தை வெளியேதான் கக்கும். தொட்டிக்குக் கீழுள்ள மூடிய அலமாரிக்குள் வைத்தால், தான் கக்கியதைத் தானே மீண்டும் இறைக்கும்.

புதிய விளக்கை வாங்கிய அன்றே முழு நேரமும் எரியவிட வேண்டா. விடுமுறை நாளொன்றில் வீட்டிலிருந்து, மணிக்கு ஒருமுறை நீரின் வெப்பநிலையைக் குறித்து வருக. இரண்டு டிகிரிக்கு மேல் ஏறினால் விளக்கின் நேரத்தையோ ஆற்றலையோ குறைத்து, மீண்டும் சோதிக்கலாம். விசிறியின் கம்பியும் விளக்கின் கம்பியும் மின்செருகிக்குச் செல்லுமுன் சற்றுத் தாழத் தொங்கி மேலேறட்டும். வழியும் நீர்த்துளி அவ்வளைவிலேயே சொட்டிவிடும், செருகியை அடையாது. விளக்கை அணைத்தபின்னும் விசிறி ஒரு மணி நேரம் ஓடட்டும். மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தால் விளக்கை உடனே அணைத்து, காற்றுக் குழாயைத் திறந்துவிட வேண்டும். நீரைச் சிறுகச் சிறுகவே குளிர்விக்க வேண்டும். ஒரே மூச்சில் ஐந்து டிகிரி இறக்குவது, சூட்டினும் பெரிய தீங்கைச் செய்யக்கூடும்.