பசங்க ஏன் வரலைன்னு தேடிப் போன டீச்சர்

(சாவித்திரிபாய் புலே பிறந்தநாளையொட்டி, மாலை நேர வகுப்புத் தன்னார்வலர்கள் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னைக்கு ஜனவரி 3. காலையில இருந்து உங்க டைம்லைன் முழுக்க சாவித்திரிபாய் புலே படம் ஓடியிருக்கும். நம்ம பக்கத்துலயும் போட்டோம். "முதல் பெண் ஆசிரியர்" என்று ஒரு வரி, கீழே நாலு பூ. அந்த டிசைனைச் செஞ்ச தோழர் இங்கேதான் இருக்கார், கோவிச்சுக்க வேண்டாம். ஆனா கிட்டத்தட்ட ஐம்பது வருச வேலையை அந்த ஒரு வரியோட நாம முடிச்சு வச்சிடுறோம்.

உங்களுக்குத் தெரிந்த பகுதியை வேகமா சொல்லிடுறேன். 1831-ல் சதாரா பக்கம் நாய்காவ் கிராமத்துல பிறந்தவர். ஒன்பது வயசுல கல்யாணம். எழுத்து சொல்லிக்கொடுத்தது கணவர் ஜோதிராவ். பிறகு முறையான ஆசிரியர் பயிற்சி. 1848-ல் புனே நகரத்துக்குள்ள, பிடே வாடாவில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினாங்க. அப்போ அவருக்கு 17 வயசு. போற வழியெல்லாம் சாணியும் கல்லும் வீசினாங்க. மாற்றுச் சேலை ஒன்னை எடுத்துக்கிட்டுப் போய், பள்ளியில கட்டிக்கிட்டுப் பாடம் நடத்தினார். அடுத்த வருசமே மாமனார் இரண்டு பேரையும் வீட்டை விட்டு அனுப்பிட்டார். தங்க இடம் கொடுத்தவர் உஸ்மான் ஷேக். அந்தக் குடும்பத்துப் பெண் பாத்திமா ஷேக்தான் சாவித்திரிபாயோட சேர்ந்து பாடம் எடுத்தவர்.

இடையில ஒரு விஷயம். பாத்திமா ஷேக் என்ற ஆளே கிடையாது, எல்லாம் கற்பனைன்னு 2025 ஜனவரியில சோஷியல் மீடியாவுல கிளப்பிவிட்டாங்க. நம்ம ஆளுங்க சிலரே குழம்பிட்டாங்க. 1856-ல் உடம்பு சரியில்லாம ஊர்ல தங்கியிருந்தப்போ சாவித்திரிபாய் ஜோதிராவுக்கு எழுதின கடிதம் இருக்கு. நான் இல்லாததால பாத்திமாவுக்கு வேலை அதிகமாகியிருக்கும், ஆனாலும் அவ முணுமுணுக்க மாட்டா என்ற பொருள்ல அதுல எழுதியிருக்கார். அடுத்த தடவை யாராவது கேட்டா சண்டை போடாதீங்க, இந்தக் கடிதத்தைச் சொல்லுங்க.

இனி நம்ம வேலைக்கு வேண்டிய பகுதிக்கு வர்றேன்.

மகர், மாங் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தாச்சு. கதவைத் திறந்து வச்சா மட்டும் பிள்ளைங்க வந்துடுமா? வயித்துக்கே வழியில்லாத வீட்டுல, பிள்ளை பள்ளிக்கு வந்தா அன்னைக்கு அதோட கூலி போச்சு. அதனால, படிப்பைப் பாதியில விட்டுடக் கூடாதுன்னு பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தாங்க. பகல் முழுக்க உழைக்கிறவங்க பகல் பள்ளிக்கு எப்படி வருவாங்க? 1855-ல் தொழிலாளிகளுக்கும் விவசாயிகளுக்கும் இரவுப் பள்ளி நடத்தினாங்க. பொதுக் கிணத்துல தண்ணி எடுக்க விடல. 1868-ல் தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையே தீண்டப்படாதவங்கன்னு ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டாங்க.

நாங்க ஆப் செய்றவங்க. ஆப் கிராஷ் ஆனா யூசரைத் திட்ட மாட்டோம், லாக் எடுத்துப் பார்ப்போம், எந்த இடத்துல நிக்குதுன்னு. புலே தம்பதி செஞ்சதும் அதுதான். எந்த இடத்துல தடை நிக்குதோ அந்த இடத்துல போய்க் கை வச்சாங்க.

என்ன கிடைச்சது? முக்தா சால்வேயைச் சொல்றேன். மாங் சாதிப் பெண், அவங்க பள்ளி மாணவி, 14 வயசு. 1855-ல் அவள் எழுதின கட்டுரை ஞானோதயா பத்திரிகையில் வந்தது. மாங், மகர் மக்கள் படுற துயரத்தை எழுதிட்டு, வேதம் எங்களுக்குக் கிடையாதுன்னா எங்க மதம்தான் எதுன்னு கடவுளையே கேட்கிறாள். கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டா போதும்னு அனுப்பின பள்ளியில இருந்து இந்தக் கேள்வி வராது.

அப்புறம் வீடுகள். புனேவில் காசிபாய்ன்னு ஒரு பிராமண விதவை. ஒருத்தன் ஏமாத்திட்டான், பிறந்த குழந்தையைப் பயத்துல கொன்னுட்டா. அவளுக்கு அந்தமான் தண்டனை. ஏமாத்தினவனை யாரும் கேட்கல. இது நடந்ததும், 1863-ல், புலே தம்பதி தங்கள் வீட்டிலேயே ஒரு இல்லம் திறந்தாங்க. விதவைகளே, இங்கே வந்து பாதுகாப்பா பிள்ளை பெத்துக்கங்கன்னு சுவரொட்டி ஒட்டினாங்க. சாவித்திரிபாய் மேல சாணி வீசின ஆட்களோட சமூகத்துப் பெண்கள்தான் அங்கே வந்தவங்க. அந்தப் பிரசவங்களைப் பார்த்துக்கிட்டவர் அவர். அப்படி ஒரு விதவைக்குப் பிறந்த யஷ்வந்தைத் தத்தெடுத்து டாக்டராக்கினாங்க.

1890-ல் ஜோதிராவ் இறந்தார். இறுதி ஊர்வலத்துல மண்சட்டி ஏந்தி முன்னாடி நடந்தவர் சாவித்திரிபாய். 1890-ல், யோசிச்சுப் பாருங்க.

1897-ல் புனேவில் பிளேக். பணம் இருந்தவங்க ஊரைக் காலி பண்ணினாங்க. அவர் யஷ்வந்தோட சேர்ந்து ஹடப்சர் பக்கம் சிகிச்சை முகாம் போட்டார். முந்த்வாவுல மகர் குடியிருப்பில ஒரு பையனுக்குக் கண்டிருக்குன்னு கேள்விப்பட்டுப் போய், முதுகுல சுமந்து கொண்டு வந்து சேர்த்தார். தொற்று அவருக்கும் வந்தது. மார்ச் 10-ல் இறந்தார். 66 வயசு.

இப்போ நம்ம கதை. மாலை நேர வகுப்பு வருகைப் பதிவேட்டைக் குரூப்புல போடுறீங்க. நேத்து உக்காந்து முழுசா பார்த்தேன். வராத பிள்ளைங்க பேருக்கு நேரா, காரணம்ங்கிற இடத்துல, பெரும்பாலும் ஒரே பதில்: "ஆர்வம் இல்லை". யார் வீட்டுக்குப் போய் விசாரிச்சோம்? தண்ணி லாரி எத்தனை மணிக்கு வருது, அந்த நேரத்துல குடம் தூக்குறது யாரு? அம்மா வேலைக்குப் போயிட்டா தம்பியைப் பார்த்துக்கிறது யாரு? சாயங்காலம் பையன் எந்தக் கடையில நிக்கிறான்? இதெல்லாம் தெரியாம அந்தப் பிள்ளை மேல எப்படி எழுதுறோம்?

வர்ற ஞாயிறு காலை 9 மணிக்கு, கட்சிக் கொடி இல்லாம, இரண்டு இரண்டு பேரா வீடுகளுக்குப் போறோம். ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெண் தோழர் கட்டாயம். போட்டோ எடுக்கக் கூடாது, ரீல்ஸ் கூடவே கூடாது. ஒரு நோட்டும் பேனாவும் போதும். வகுப்பு நேரத்தை மாத்தணுமா, இடத்தை மாத்தணுமான்னு அன்னைக்கு மாலையே உக்காந்து முடிவு பண்ணுவோம். வர முடிஞ்சவங்க கமெண்ட்ல பெயர் வேண்டாம், உங்க வட்டப் பொறுப்பாளர்கிட்ட நேர்ல சொல்லுங்க.



#சாவித்திரிபாய்_புலே