நின்று பார்த்த கண்கள்

(மருத்துவமனையின் நண்பர்கள் கூடுகையில் சிற்றாலய குருவானவர் ஆற்றிய உரை)



உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் இந்த ஊழியத்தைத் தாங்குகிறீர்கள். இன்று ஒரு புகைப்படக் கலைஞரை உங்கள் முன் நிறுத்த விரும்புகிறோம். அவர் அமெரிக்கரான யூஜின் ஸ்மித் (1918–1978).

பள்ளிப் பருவத்திலேயே கேமராவைக் கையிலெடுத்தவர் அவர். இரண்டாம் உலகப் போரைப் படமெடுக்கச் சென்ற இடத்தில், 1945 மே மாதம் ஓக்கினாவா தீவில் குண்டுச் சிதறல்கள் அவருடைய முகத்தையும் இடது கையையும் சிதைத்தன. பல அறுவை சிகிச்சைகள் நடந்தன. மறுபடி படமெடுப்பாரா என்பதே கேள்வியாயிற்று. 1946ல் வலியோடு கேமராவைத் தூக்கினார். அப்போது அவர் எடுத்தது, மர நிழலிலிருந்து வெளிச்சத்தை நோக்கி நடந்த தம் இரு பிள்ளைகளின் படம்.

1951ல் "லைஃப்" பத்திரிகைக்காகத் தென் கரோலினாவிலுள்ள பைன்வில் என்ற சிற்றூருக்குப் போனார். 1923ல் அங்கே மிஷனெரி நர்ஸாக வந்த மாட் கேலன் என்னும் கறுப்பினச் சகோதரி, சுமார் 400 சதுர மைல் பரப்பிலிருந்த ஏழைகளுக்குப் பிரசவமும் வைத்தியமும் பார்த்துவந்தார். நிறத்தைக் காரணங்காட்டி மனிதரைப் பிரித்துவைப்பது அந்நாட்டில் சட்டமாயிருந்த காலம் அது. ஸ்மித் வாரக்கணக்கில் அந்த அம்மையாரோடு தங்கி, இரவும் பகலும் கூடவே சென்றார். படம் எடுத்ததோடு அவருடைய வேலை முடியாது. இருட்டறையில், மனதுக்கு நிறைவான பிரதி வரும்வரை திரும்பத் திரும்ப அச்சிடுவார்.

அந்தப் படங்கள் வெளியானபின் வாசகர்கள் தாங்களாகவே பணம் அனுப்பினார்கள். 20,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. 1953ல் பைன்வில்லில் ஒரு மருத்துவ நிலையம் எழும்பிற்று.

கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரைக் கண்டதில்லை. உங்களிலும் அநேகர் எங்கள் வார்டுகளைக் கண்டதில்லை; நாங்கள் காட்டுவதையே காண்கிறீர்கள். ஆகையால் எங்கள்மேல் ஒரு பாரமான பொறுப்பு இருக்கிறது. நோயாளியின் கண்ணீரைக் கடைவிரித்துக் காணிக்கை கேட்கலாகாது. ஸ்மித் காட்டியது பரிதாபத்தை மட்டுமல்ல. தன் தொழிலைத் திறம்படச் செய்யும் ஒரு பெண்ணையும், அவர் கைகளை நம்பியிருந்த ஜனங்களையும் மதிப்போடு காட்டினார்.

1971ல் ஜப்பானின் மினமாட்டாவுக்குப் போய், பாதரச நஞ்சினால் ஊனமுற்றவர்கள் நடுவே ஏறக்குறைய மூன்று வருஷம் வாழ்ந்தார். 1972ல் ஜப்பானில் தாக்கப்பட்டுக் காயமடைந்தும், வேலையைக் கைவிடவில்லை. அந்தப் படங்கள் 1975ல் நூலாக வெளிவந்தன.

நல்ல சமாரியன் உவமையில் ஆசாரியனும் லேவியனும்கூட அடிபட்டவனைக் கண்டார்கள். கண்டு விலகிப் போனார்கள். சமாரியனோ நின்றான். ஒரு மனிதன் தன் வாழ்நாளெல்லாம் ஒரு தொழிலை நேசிப்பது, பிறருக்காக இப்படி நின்று பார்க்கக் கற்றுக்கொள்வதற்கே என்று எண்ணுகிறோம். ஊசி போடும் செவிலியருக்கும், கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கும், படுக்கையண்டை ஜெபிக்கும் எங்களுக்கும் அதே அழைப்புதான்.

அடுத்தமுறை வரும்போது அலுவலகத்தோடு திரும்பிவிடாமல், வார்டுக்குள்ளும் வாருங்கள். சற்று நேரம் எங்களோடு நில்லுங்கள். கர்த்தர் நம் கண்களைத் திறந்தருள்வாராக. ஆமென்.