கழற்ற வரவேண்டிய நட்டு

சேலத்திலிருந்து ஏர்காட்டுக்கு ஏறும் பாதை, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தைச் சுமார் 30 கிலோமீட்டருக்குள் ஏறிவிடுகிறது. அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட காரைச் சீரமைத்து மீண்டும் ஓட்ட முற்படுவோருக்கு இப்பாதை கடுமையான தேர்வாக அமைகிறது. அத்தேர்வை முதலில் எதிர்கொள்பவை, எஞ்சினின் பக்கவாட்டில் மறைந்திருக்கும் சில ஸ்டட்களும் நட்டுகளுமே. சிலிண்டர்களிலிருந்து வெளிவரும் புகையை ஒன்றுசேர்த்துச் சைலன்சர் குழாய்க்குள் செலுத்தும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் எனப்படும்; இரு முனைகளிலும் மரை வெட்டப்பட்ட, தலையில்லாத திருகாணியாகிய ஸ்டட், எஞ்சினின் தலைப்பகுதியில் இறுகப் பதிந்து நின்று, மறுமுனையில் ஏறும் நட்டின் வழியாக அக்குழாயைப் பிடித்துக்கொள்கிறது.

தமிழகத்தில் இந்தப் பேச்சு ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் தொடங்குவதே பொருத்தம். சென்னையை அடுத்த வண்டலூரில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் உருவாக்கிய அந்தக் காரின் 948 சி.சி. எஞ்சினும், 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுக் காரின் 1147 சி.சி. எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டமும் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைத்ததே. ஆகவே ஹெரால்டின் மேனிஃபோல்டைப் பற்றிக் கூறப்படுவதில் பெரும்பகுதி ஸ்பிட்ஃபயருக்கும், சற்று மாற்றத்துடன் அக்காலத்துப் பிரிட்டிஷ் விளையாட்டுக் கார்கள் பலவற்றுக்கும் பொருந்தும்.

மலையேற்றத்தில் இந்த இணைப்பு என்ன பாடுபடுகிறது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே நெடுநேரம் ஏறும்போது மேனிஃபோல்டின் வெப்பம் பல நூறு டிகிரியைத் தொடுகிறது. இறங்கும்போதோ, எஞ்சினையே பிரேக்காகக் கொண்டு ஆக்சிலரேட்டரை விட்டுவிடுவதால், உள்ளே எரியும் கலவை மிகக் குறைந்து, ஏர்காடு அமைந்த சேர்வராயன் மலையின் குளிர்ந்த காற்றும் மழைக்காலத்துத் தெறிநீரும் வெளியிலிருந்து தாக்க, அதே இரும்பு விரைவாகச் சுருங்குகிறது. மேனிஃபோல்டின் வெப்பம் 400 டிகிரி கூடினால் ஓர் அடி நீளத்துக்கு அது 1.3 மில்லிமீட்டர் அளவுக்கு நீள்கிறது. நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின் தலையோ அந்த நீட்சியில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அடைவதில்லை. எனவே மேனிஃபோல்ட் தன் இருக்கையின் மேல் சறுக்கியே ஆகவேண்டும். அதற்கு இடம் தருவதற்காகவே மேனிஃபோல்டின் துளைகள் ஸ்டட்டைவிடச் சற்று அகலமாக விடப்படுகின்றன. அகன்ற துளையின் மேல் குழியாமல் படிவதற்காகத் தடித்த தட்டை வாஷர் இடப்படுகிறது. இங்கே ஸ்பிரிங் வாஷரைச் சேர்ப்பது வீண். வெப்பத்தில் அதன் விறைப்பு போய்விடுகிறது. உள்வளையத்தில் நைலான் பொருத்திய நட்டும் ஆகாது, அந்த நைலான் முதல் பயணத்திலேயே உருகிவிடும்.

சீரமைப்போர் பெரிதும் தடுமாறும் இடம் துருப்பிடிக்காத எஃகு. சேலம் உருக்காலை 1981-இல் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து இவ்வட்டாரத்தின் பெயரோடு இணைந்துவிட்ட இந்த உலோகம், பார்வைக்குப் பளபளப்பானது, மழைக்கு அஞ்சாதது. ஆனால் மேனிஃபோல்டை இறுக்கும் வேலைக்கு அதன் பரவலான வகை ஏற்றதன்று. போல்ட்டின் தலையில் ஏ2 என்று பொறிக்கப்பட்டுக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 304 என்னும் வகையைச் சார்ந்தது. அது ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 17 மைக்ரான் வரை நீள, வார்ப்பிரும்பு சுமார் 11 மைக்ரானே நீள்கிறது. இந்த வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். 25 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பிடிக்கும் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்டட்டை நன்றாக இறுக்கும்போது அது இழுபட்டு நீள்வது ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர்தான், அந்த இழுவிசைதான் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் பிடி. ஸ்டட்டும் அதைச் சூழ்ந்த இரும்பும் 250 டிகிரி சூடேறும்போது 304 எஃகு இரும்பைவிட அதிகமாக நீள்வதும் ஏறத்தாழ அதே 0.04 மில்லிமீட்டர் என்பதால், பிடி முழுவதும் தளர்ந்து, மேனிஃபோல்டுக்கும் எஞ்சின் தலைக்கும் இடையே வைக்கும் பேக்கிங்கின் ஓரத்தில் புகை கசியத் தொடங்குகிறது. 12 மைக்ரான் அளவில் நீளும் சாதாரண உறுதி எஃகு ஸ்டட்டில் இந்த இழப்பு ஆறில் ஒரு பங்கே. அன்றியும், துருப்பிடிக்காத எஃகு மரையின் மேல் அதே எஃகு நட்டு ஏறும்போது இரு பரப்புகளும் ஒன்றையொன்று கடித்துக்கொள்வதுண்டு. அவ்வாறு சிக்கிய நட்டை ஸ்டட்டோடு அறுத்தெடுப்பதைத் தவிர வழியில்லை.

வெள்ளை முலாம் பூசிய போல்ட்டுகளும் ஏமாற்றக்கூடியவை. அம்முலாமாகிய துத்தநாகம் 419 டிகிரியில் உருகுவது. அதற்கு முன்பே அதன் காக்கும் திறன் குலைந்து, வெறும் இரும்பு துருவேறத் தொடங்கும். மிகு வலிமை கொண்ட 12.9 தர எஃகைத் தேடிச் செல்வதிலும் பயனில்லை, ஏனெனில் இங்கே தேவைப்படுவது மிகுந்த பலமன்று. 8.8 தரமோ, வெப்பத்தைத் தாங்கும் குரோமியம் மாலிப்டினம் கலந்த எஃகோ ஸ்டட்டுக்குப் போதுமானது.

நட்டுக்கு உரிய உலோகம் பித்தளையே. பித்தளை எஃகைவிட வலிமை குறைந்தது என்பது உண்மைதான்; ஆனால் அதுவே இங்கே நன்மையாகிறது. அது எஃகோடு சேர்ந்து துருப்பிடித்து ஒட்டுவதில்லை; சூட்டில் ஸ்டட்டைவிடச் சற்று அதிகமாக விரிவதால் மரையை நெரிப்பதுமில்லை; என்றேனும் ஒன்று சேதமுற்றே ஆகவேண்டுமானால், சில ரூபாய் நட்டின் மரை போகுமே தவிர, கிடைத்தற்கரிய எஞ்சின் தலையின் மரை போகாது. வலிமைக் குறைவை ஈடுசெய்யவே மேனிஃபோல்டுக்குரிய பித்தளை நட்டு, சாதாரண நட்டைவிட உயரமாக, கூடுதல் மரைகளோடு செய்யப்படுகிறது. கடையில் குட்டையான பித்தளை நட்டு மட்டுமே இருந்தால், லேத் பட்டறையில் பித்தளைக் கம்பியிலிருந்து உயரமாகக் கடைந்துகொள்வது நல்லது. செம்பு முலாம் பூசிய எஃகு நட்டு அடுத்த தேர்வு.

மரையின் அளவில் நேரும் பிழை, உலோகத்தில் நேரும் பிழையினும் கொடியது. ஹெரால்டின் ஸ்டட், அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 1940-களின் இறுதியில் ஏற்றுக்கொண்ட பொது மரை முறையில் அமைந்தது; 5/16 அங்குல நுண்மரை என்றால் ஓர் அங்குலத்துக்கு 24 மரைகள், அதாவது மரைக்கு மரை இடைவெளி 1.058 மில்லிமீட்டர். அதற்கு முந்திய எம்.ஜி. டி.சி. காரிலோ, பிரிட்டிஷ் காராயிருந்தும், எஞ்சினின் மரைகள் மெட்ரிக் அளவிலும், நட்டின் வெளிமுகம் விட்வொர்த் என்னும் பிரிட்டிஷ் அளவுமுறை ஸ்பேனருக்கு ஏற்றபடியும் அமைந்துள்ளன. அங்கே 8 மில்லிமீட்டர் ஸ்டட்டின் மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். இவ்விரண்டும் ஓரிரு சுற்று ஒன்றில் ஒன்று ஏறிவிடும், பின்பு இறுகும். அந்த இறுக்கத்தைத் துரு என்று கருதி ஸ்பேனரை இழுத்தால் மரை சிதையும். மரை அளவுகோலை வைத்துப் பார்க்காமல் எந்த நட்டையும் ஏற்றக்கூடாது.

ஹெரால்டின் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உட்செல்லும் மேனிஃபோல்டும், புகை வெளியேறும் மேனிஃபோல்டும் தலையின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமைவதால், சில ஸ்டட்களில் ஒரே கிளாம்ப் இரண்டின் விளிம்புகளையும் சேர்த்து அழுத்துகிறது. ஒன்றின் விளிம்பு மற்றதைவிடத் தடித்திருந்தால், கிளாம்ப் சாய்ந்து, ஸ்டட்டை வளைத்து, மெல்லிய பக்கத்தைப் பிடிக்காமலே விட்டுவிடும். எனவே பொருத்துவதற்கு முன் இரு விளிம்புகளின் தடிமனையும் அளந்து சமன்செய்தாக வேண்டும். செம்புத்தூள் கலந்த கிரீஸை மரையில் மெல்லத் தடவி, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கிச் சிறுகச் சிறுக இறுக்குவது முறை. புதிய பேக்கிங் முதல் சூட்டில் அமுங்கிக் கொடுப்பதால், அடிவாரத்திலிருந்து ஏர்காடு வரை ஒருமுறை ஏறி இறங்கிய மறுநாள் காலையில், எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது, அதே வரிசையில் ஒவ்வொரு நட்டையும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்து இறுக்க வேண்டும்.