தருமபாலர்: காஞ்சி தந்த பேராசிரியர்

 

காஞ்சி என்றவுடன் பட்டும் கோயிலும் நினைவிற்கு வருதல் இயல்பு. அவ்விரண்டிற்கும் ஈடாக இந்நகர் உலகிற்கு வழங்கிய செல்வம் மற்றொன்றுண்டு. அது ஆசிரியச் செல்வம். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்பான் கன்னட நாட்டிலிருந்து தன் ஆசிரியர் வீரசர்மனுடன் இங்குள்ள கடிகையில் பயில வந்தான் எனத் தாளகுந்தாக் கல்வெட்டு கூறுகிறது. வேற்று நாட்டு மாணவர் காஞ்சியை நாடி வந்தமைக்கு அது சான்று. காஞ்சியிற் பிறந்த ஒருவர் வேற்று நாட்டிற்குச் சென்று, அங்குள்ளோரை மாணாக்கராக ஏற்று, அவர்வழியே சீனம் வரை சென்றமைக்குச் சான்றாக விளங்குபவர் தருமபாலர்.

இவர் 6ஆம் நூற்றாண்டினர். பாலி மொழியில் உரைகள் வகுத்த தருமபாலர் வேறு, இவர் வேறு. காஞ்சி அமைச்சர் ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்த இவருக்கு மன்னன் தன் மகளை மணமுடிக்க விரும்பினான் என்றும், மணநாளையொட்டி அரண்மனையை விட்டு வெளியேறித் துறவு பூண்டார் என்றும் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதியுள்ளார். பின்னர் மகத நாட்டு நாளந்தாவை அடைந்து அதன் தலைமை ஆசிரியராக உயர்ந்தார். முப்பதைச் சற்றே கடந்த வயதில் மறைந்தார் என்பது சீன மரபு. அத்துணைக் குறுகிய வாழ்வில் அவர் ஆற்றியவற்றுள் தலையாயது யாது என வினவினால், சீலபத்திரரை உருவாக்கியது என்றே விடை கூறலாம்.

சீலபத்திரர் கீழை வங்கத்துச் சமதட நாட்டு அரச குடியினர். தகுந்த ஆசிரியரைத் தேடி ஊர் ஊராக அலைந்து, நாளந்தாவில் தருமபாலரைக் கண்டு அடைக்கலம் புகுந்தவர். ஒருகால் தென்னாட்டுப் புலவர் ஒருவர் தருமபாலரை வாதுக்கு அழைத்தார். மகத மன்னனும் தூது விடுத்தான். ஆசிரியர் புறப்படும் வேளையில், தாம் சென்று வாதிடச் சீலபத்திரர் இசைவு வேண்டினார். அவருக்கு அப்போது வயது 30. உடனிருந்தோர் ஐயுற்றனர். ஆளின் தகுதியை அகவை கொண்டு அளத்தல் கூடாதென ஆசிரியர் அவர்களைத் தேற்றி, மாணாக்கரையே அனுப்பினார். சீலபத்திரர் வென்றார். மன்னன் அளித்த ஊரை முதலில் மறுத்து, பின் ஏற்று, அதன் வருவாயைக் கொண்டு ஒரு மடம் எழுப்பினார். தமக்கு வரவேண்டிய புகழை மாணாக்கர்க்கு விட்டுக்கொடுத்த அந்த ஒரு செயலே தருமபாலரின் ஆசிரியத் தகைமைக்கு உரைகல்.

ஆண்டுகள் பல உருண்டன. ஏறத்தாழ கி.பி. 637இல் யுவான் சுவாங் நாளந்தாவின் வாயிலில் நின்றபோது, சீலபத்திரர் நூறு வயதை எட்டிய முதியவர் என்பர். நோயின் கொடுமையால் உணவொறுத்து உயிர்விட எண்ணிய அவர், சீனத்திலிருந்து வரும் ஒருவர்க்குக் கற்பிக்கவே உயிர் தாங்கியிருந்தார் என்கிறது சீன வரலாற்று நூல். வந்த மாணாக்கர்க்கு நாள்தோறும் மகாசாலி அரிசி ஒரு படியும், பாக்கு இருபதும், சாதிக்காய் இருபதும் வழங்கப்பட்டன. யோகாசார பூமி நூலைச் சீலபத்திரர் 15 மாதங்கள் பாடஞ்சொன்னார். ஆசிரியர் தருமபாலரிடம் கேட்டதனைத்தும் அந்தப் பாடத்தில் இழையோடியிருக்குமன்றோ!

அதன்பின், ஏறத்தாழ 640இல், யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். இன்று பெரிய காஞ்சிபுரத்திற்கு அணிசெய்யும் கயிலாசநாதர் கோயில் அப்போது எழவில்லை. கல்வியைப் போற்றும் மக்கள் வாழும் ஊர் எனவும், இது தருமபாலர் பிறந்த ஊர் எனவும் அவர் குறித்து வைத்தார். இலங்கைக்குச் செல்ல எண்ணியிருந்த அவர், அங்குப் பஞ்சமும் குழப்பமும் நேர்ந்து இங்கு வந்து சேர்ந்த இலங்கைத் துறவியரைக் கண்டு யோக நூற் பொருளை வினவினார். அவர்தம் விளக்கம் சீலபத்திரரின் விளக்கத்தை விஞ்சவில்லை எனத் தெளிந்தார். காஞ்சி ஆசிரியரின் கல்வி, வங்கத்து மாணாக்கர் நெஞ்சில் தங்கி, சீனத்து மாணாக்கர் நாவழியே காஞ்சிக்கே திரும்பிவந்த அரிய தருணம் அது.

யுவான் சுவாங் தாயகம் திரும்ப விரும்பியபோது நாளந்தாத் துறவியர் தடுத்தனர். சீலபத்திரர் தடுக்கவில்லை. கற்றதைத் தம் மக்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கவே செல்வதாக மாணாக்கர் கூறக்கேட்டு மகிழ்ந்து விடைகொடுத்தார். தருமபாலர் அன்று வாதுக்கு அனுப்பினார். சீலபத்திரர் இன்னொரு நாட்டிற்கே அனுப்பினார். அனுப்பக் கற்றவரே ஆசிரியர்.

645இல் சீனம் திரும்பிய யுவான் சுவாங், 664இல் மறையும் வரை மொழிபெயர்ப்பிலேயே ஆழ்ந்திருந்தார். ஆரியதேவரின் நூலுக்குத் தருமபாலர் வகுத்த உரையை மொழிபெயர்த்தார். வசுபந்துவின் முப்பது பாக்களுக்குப் பதின்மர் கண்ட உரைகளை ஆராய்ந்து 659இல் தொகுத்தபோது, தருமபாலர் உரையையே முதன்மையாகக் கொண்டார். அவரிடம் பயின்ற சப்பானியத் துறவி தோசோ அக்கொள்கையைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார். நாரா நகரத்து யக்குசிசி, கோபுக்குசி மடங்கள் இன்றும் அம்மரபினவே. தருமபாலரின் நூல்கள் மூல வடிவில் மறைந்தன. சீன மொழியிலேயே அவர் வாழ்கின்றார். பிறந்த மண் காவாததை அயல்மொழி மாணாக்கர் காத்தனர்.

அத்தகைய ஆசிரியமரபு தமிழகத்தில் இடையறவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுத் தூரகிழக்குப் பள்ளியில் இருந்து ஐரோப்பிய ஆய்வாளர் பலர்க்குச் சங்க நூல்களையும் இலக்கணங்களையும் பாடஞ்சொன்ன தி.வே. கோபாலையரும் (1926-2007), மதுரையில் அமெரிக்க மாணவர்க்குத் தமிழ் கற்பித்த கு. பரமசிவமும் அண்மைக்காலச் சான்றுகள். வேற்று மொழியார்க்குக் கற்பித்தல் எளிதன்று. தாய்மொழியாளர் கேளாத வினாவை அவர் கேட்பர். அவ்வினாவிற்கு விடை தேடுங்கால் ஆசிரியரே தம் மொழியைப் புதிதாகக் காண்பார்.

பிள்ளையார்பாளையத்துத் தறியில் கோர்வைச் சேலை நெய்வதற்குத் துணைக்கை ஒன்று வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் பிரியாமல் பிணைவது அக்கைகளின் இசைவால். ஆசிரியர், மாணாக்கர் உறவும் அதுவே. பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் பாவலர்கள் அடுத்த பத்தாண்டில் எத்தனை நூல் வெளியிட்டனர் என்பதோடு, தமிழறியாத எத்தனை பேர்க்குத் தமிழை ஊட்டினர் என்பதையும் கணக்கில் கொள்ளல் வேண்டும். காஞ்சியின் பெயரை நாளை எந்நாட்டார் எம்மொழியில் எழுதிக் காப்பர் என்பதை யாரறிவார்?