ஒளி இங்கே, குழி எங்கே?

(தாம்பரம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்த ஆண்டு 1931. பல்லாவரத்தாரும் குரோம்பேட்டையாரும் அதிலேறிப் பட்டணம் சென்ற அந்நாளில், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மண்ணுக்கடியில் மௌனமாகக் கிடந்தது. பின்னர், ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்திலே கிணறு தோண்டியபோது, நீரோடு கருநிறப் பொருளொன்றும் வெளிப்பட்டது. 1956இல் நிறுவனம் பிறந்தது; 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் துவக்கினார்; 1961இல் கரி தெரிந்தது; 1962இல் மின்சாரம் கிளம்பிற்று. நம் சேலையூர்த் தெருவிளக்கிலும் அக்கரியின் ஒளி கலந்திருக்கிறது. ஆகவே கரியே ஆகாதென்று கூற நான் வரவில்லை. ஒளி நமக்கு வாய்த்தது, குழி யாருக்கு வாய்த்தது என்றே கேட்கிறேன்.

ஒரு டன் கரிக்காக, மேலே கிடக்கும் மண்ணைப் பல மடங்கு பெயர்த்தெறிய வேண்டும். கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிறது ஊற்றுநீர். இரவும் பகலும் அதை இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கமே குளமாகும்! பக்கத்து உழவனோ, தன் ஆழ்குழாயை மேலும் ஆழமாக இறக்கக் கடன் தேடி அலைகிறான்.

2023 மார்ச்சில் டில்லி ஓர் ஏலப் பட்டியல் வெளியிட்டது. தஞ்சை மாவட்டத்து வடசேரி, அரியலூரின் மைக்கேல்பட்டி, கடலூரின் சேத்தியாத்தோப்புக் கிழக்கு மூன்றும் அதில் இருந்தன. காவிரிப் படுகையைக் காக்க 2020இல் தமிழகம் சட்டமே இயற்றியிருந்தது, இருந்தும் கேட்டார்களா? நாடகம் எழுதுபவன் நான். பந்தல் போட்டாயிற்று, முகூர்த்தம் குறித்தாயிற்று, பெண்ணிடம் மட்டும் ஒரு சொல் கேட்கவில்லை என்று நான் காட்சி அமைத்தால், நடக்குமா ஐயா இப்படி என்று நகைப்பீர்கள். நடந்தது! முதலமைச்சர் கடிதம் எழுதினார்; சட்டமன்றத்தில் கட்சி பேதமின்றி எதிர்ப்பு எழுந்தது; ஏப்ரல் 8ஆம் நாள் மூன்றும் விலக்கப்பட்டதாக மத்திய அமைச்சர் அறிவித்தார்.

அதே ஆண்டு ஜூலையில், வளையமாதேவியில் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக, விளைந்து நின்ற நெற்பயிரில் இயந்திரங்கள் இறங்கின. முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். ஏட்டில் அது உண்மையாகவே இருக்கட்டும். கதிர் முற்றி அறுவடையாகும்வரை காத்திருக்க இயலாத அவசரம் என்ன வந்தது?

இன்னொன்று. 2070க்குள் கரியமில வாயுவின் நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்குவோமென்று, 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா வாக்களித்திருக்கிறது. அவ்வாக்கு மெய்யானால், கரிக்கு இருப்பது சில பத்தாண்டுக் காலம். கல்லணை கட்டிய நாள்தொட்டு நெல் தரும் நிலத்தை அந்தச் சில பத்தாண்டுகளுக்காகவா வெட்டுவது?

விலக்களிக்க ஓர் அமைச்சரின் அறிவிப்புப் போதுமாயிருந்தது. மீண்டும் சேர்க்கவும் இன்னோர் அறிவிப்புப் போதும். எனவே, எந்த வயலும் ஏலத்துக்குப் போகுமுன் அவ்வூர்க் கிராம சபையின் இசைவு சட்டப்படி வேண்டும். எத்தனை அடி தோண்டுவார்கள், எவ்வளவு நீர் இறைப்பார்கள், தோண்டிய நிலத்தை எந்த ஆண்டு, எந்நிலையில் திருப்பித் தருவார்கள் என்பதெல்லாம் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். வடசேரிக்காரர் மட்டும் கேட்டால் போதாது. விசிறியடியில் உறங்கும் நாமும் சேர்ந்து கேட்போம்.