தனிநாடு என்றால் யாருக்கு நாடு? யூதர்களின் வாதமும் நம் வாதமும்

(கிள்ளானில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் வீட்டில் யாரிடமாவது கடப்பிதழ் இருந்தால் எடுத்துத் திறந்து பாருங்கள். இஸ்ரேல் தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் அது செல்லும் என்று அச்சடித்திருக்கும். நம் நாட்டுக்கு இஸ்ரேலோடு உறவு கிடையாது. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும், இங்கே தெங்கு கிளானா சாலையில் நின்றாலும் ஒரு பேச்சு காதில் விழத்தான் செய்கிறது. "யூதனைப் பாருங்கள். உலகம் பூராவும் சிதறிக் கிடந்தான். ஒன்று சேர்ந்தான், நாடு கட்டினான். இத்தனை கோடித் தமிழனுக்கு ஒரு நாடு உண்டா?"

இந்தப் பேச்சில் இருக்கும் வலி உண்மையானது. 1983-ஐயும் 2009-ஐயும் பார்த்த எந்தத் தமிழனுக்கும் அது புரியும். ஆனால் நான் ஒரு வழக்கறிஞன். ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். யூதர்கள் எல்லாரும் ஒரே குரலில் நாடு கேட்டார்களா? இல்லை. தமிழர்கள் எல்லாரும் ஒரே குரலில் ஈழம் கேட்டார்களா? அதுவும் இல்லை. அந்த மறுகுரல்கள் என்ன சொல்லின என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் யூதர்கள். தியோடர் ஹெர்சல் 1896-இல் யூத நாடு வேண்டும் என்று நூல் எழுதினார். அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முதல் சியோனிச மாநாடு கூடியது. அந்த மாநாடு ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடப்பதாகத்தான் இருந்தது. எதிர்த்தது யார் தெரியுமா? யூத மத குருமார்களே எதிர்த்தார்கள்! அதனால்தான் இடம் மாறியது.

அதே 1897-இல் வில்னா நகரில் யூதத் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு கட்சியை அமைத்தார்கள். பூந்த் என்று பெயர். தையல்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் திரண்ட கட்சி அது. அவர்கள் சொன்னது இதுதான்: நாங்கள் எங்கே வாழ்கிறோமோ, எங்கே உழைக்கிறோமோ, அங்கேதான் எங்கள் உரிமைப் போராட்டம். வேறு மண்ணைத் தேடி ஓட மாட்டோம்.

1917-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் பால்ஃபர் பிரகடனத்தை வெளியிட்டு, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைக்க ஆதரவு தந்தது. அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே யூதர் எட்வின் மாண்டேகு. இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சர். மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று படித்திருப்பீர்களே, அதே மாண்டேகுதான். அவர் அந்தப் பிரகடனத்தைக் கடுமையாக எதிர்த்தார். யூதனுக்கென்று ஒரு நாடு வந்துவிட்டால், மற்ற நாடுகளில் பிறந்து வளர்ந்த யூதனைப் பார்த்து "உனக்குத்தான் நாடு இருக்கிறதே, அங்கே போ" என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவருடைய அச்சம்.

"பாலேக் இந்தியா" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு இந்த அச்சத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

பாலஸ்தீனத்திலேயே வாழ்ந்த யூத அறிஞர்கள் யூதா மாக்னஸ், மார்ட்டின் பூபர் போன்றவர்கள் இன்னொரு வழி சொன்னார்கள். யூதரும் அரபியரும் சம உரிமையோடு ஆளும் ஒரே நாடு வேண்டும் என்றார்கள்.

நாடு வேண்டும் என்றவர்களின் தரப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஹிட்லரின் ஆட்சியில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். வாழும் இடத்திலேயே உரிமை கேட்போம் என்ற பூந்த் கட்சியின் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அழிக்கப்பட்டார்கள். தப்பி ஓடியவர்களுக்குப் பல நாடுகள் கதவை அடைத்தன. "எங்களுக்கென்று ஒரு கதவு இருந்திருந்தால்" என்ற வாதம் அதன் பிறகுதான் யாராலும் தள்ள முடியாத வாதமானது.

1947 நவம்பர் 29-இல் ஐ.நா. பாலஸ்தீனத்தைப் பிரிக்க வாக்களித்தது. ஆதரவு 33, எதிர்ப்பு 13, வாக்களிக்காத நாடுகள் 10. இந்தியா எதிர்த்தது. 1948 மே 14-இல் இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்டது. அதையொட்டிய போரில் 7 லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் வீடு வாசலை இழந்தார்கள். அவர்களுடைய கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை: ஐரோப்பியன் செய்த கொலைக்கு எங்கள் நிலம் ஏன் விலை?

இனி நம் கதைக்கு வருவோம். அதே 1948-இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது அந்தச் சட்டம். லயத்தில் பிறந்தவனுக்கு எந்த அத்தாட்சி இருக்கும்? ஏறக்குறைய 7 லட்சம் மலையகத் தமிழர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். நம் தாத்தா பாட்டியைப் போலவே கங்காணி அழைத்துப் போன சனங்கள்தான் அவர்கள்.

அப்போது தமிழ்த் தலைவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஜி.ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். செல்வநாயகம் விலகி வந்து 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தந்தை செல்வா என்று அழைக்கப்படும் அந்த வழக்கறிஞர் 1898-இல் பிறந்தது எங்கே? நம் ஈப்போவில்!

செல்வநாயகமும் எடுத்த எடுப்பில் தனிநாடு கேட்கவில்லை. கூட்டாட்சிதான் கேட்டார். 1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி ஆனது. 1957-இல் பண்டாரநாயக்காவோடும் 1965-இல் டட்லி சேனநாயக்காவோடும் ஒப்பந்தம் போட்டார். இரண்டும் நிறைவேற்றப்படவில்லை. 1972 அரசியல் சட்டம் தமிழர்களை இன்னும் ஒதுக்கியது. அதன் பிறகுதான் 1976 மே 14-இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. தனி ஈழம் கேட்டுப் போட்டியிட்ட கூட்டணிக்கு 1977 தேர்தலில் 18 இடங்கள் கிடைத்தன. 1983 கலவரத்துக்குப் பின் ஆறாவது திருத்தம் வந்தது. அமைதியான முறையில் தனிநாடு கேட்பதும் குற்றமாக்கப்பட்டது. வாயை அடைத்தால் ஆயுதம்தான் பேசும் என்பதை அந்தத் தீவு உலகுக்குக் காட்டியது.

இது ஒரு தரப்பு. வலுவான தரப்பு. ஆனால் மறுதரப்பும் தமிழன்தான்.

மலையகத் தலைவர் தொண்டமான் தனிநாட்டுக் கோரிக்கையில் சேரவில்லை. காரணம் எளிது. வடக்கு கிழக்கில் ஈழம் அமைந்தால் தீவின் நடுவில் தேயிலை பறிக்கும் தமிழன் எங்கே போவான்? வரைபடத்துக்கு வெளியேதான் நிற்பான். தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கோ அதைவிடக் கசப்பான அனுபவம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையில் கிடைத்ததோடு போனார்கள். இரு தரப்புக் கொடுமைகளையும் பதிவு செய்த மருத்துவ விரிவுரையாளர் ரஜனி திராணகம 1989-இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிகாரப் பகிர்வுக்குச் சட்ட வரைவு எழுதிய நீலன் திருச்செல்வம் 1999-இல் கொழும்பில் தற்கொலைத் தாக்குதலில் கொல்லப்பட்டார். அவர்களுடைய வாதத்துக்கு எதிர்வாதம் வரவில்லை. தோட்டாவும் குண்டும்தான் வந்தன.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. கடைசிக் கட்டத்தில் 40 ஆயிரம் வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் அறிவித்தது. ஆனால் போர் முடிந்த சில நாட்களிலேயே, 2009 மே மாதத்தில், ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை அரசாங்கத்துக்குச் சாதகமான தீர்மானம் வந்தது. ஆதரித்து வாக்களித்த 29 நாடுகளில் இந்தியாவும் உண்டு, மலேசியாவும் உண்டு. காஸாவுக்காகக் குரல் கொடுக்கும் நம் அரசாங்கத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தக் குரல் நியாயமானது. முள்ளிவாய்க்காலுக்கும் அதே குரல் ஏன் எழவில்லை என்றுதான் கேட்கிறேன். நம் வீட்டிலும் இதே கேள்வி உண்டு. முள்ளிவாய்க்காலுக்கு அழுகிறவன், பாலஸ்தீனத் தாயின் அழுகையைக் கேலி செய்தால் அவன் கேட்பது நீதி அல்ல.

நமக்குள்ளும் எல்லாரும் ஒன்றாக வந்தவர்கள் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில் கட்டிய யாழ்ப்பாணத்தார் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகத்திலும் வேலை பார்க்க வந்தவர்கள். நம்மில் பலர் பால்மரம் சீவ வந்தவர்கள். கிராணியின் பார்வையும் மரம் வெட்டியவரின் பார்வையும் ஒன்றாக இருந்ததில்லை. ஆகவே ஈழத்தைப் பற்றி ஒரு தமிழன் வேறு கருத்து சொன்னால் உடனே துரோகி என்று முத்திரை குத்தாதீர்கள்.

தம்பிகளுக்கு ஒரு சட்ட எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விடுதலைப் புலிகள் அமைப்பை மலேசியா 2014-இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. 2019 அக்டோபரில் 12 பேர் சொஸ்மா சட்டத்தில் பிடிக்கப்பட்டார்கள். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் வழக்குகளைக் கைவிட்டார். ஆனால் அதுவரை ஜாமீன் இல்லாமல் அந்தக் குடும்பங்கள் பட்ட பாடு யாருக்குத் திரும்பக் கிடைக்கும்? ஈழத் தமிழருக்கு நீதி கேட்பது குற்றமல்ல. தடைப்பட்டியலில் உள்ள ஓர் அமைப்புக்கு ஆதரவு தருவது குற்றம் என்று தண்டனைச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. கைப்பேசியில் இருக்கும் படங்கள்கூட அந்த வழக்குகளில் ஆதாரமாகக் காட்டப்பட்டன. கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

யூதர் கதையிலிருந்தும் ஈழக் கதையிலிருந்தும் மலேசியத் தமிழனுக்கு என்ன பாடம்? யார் நாடு வேண்டும் என்று சொன்னாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த மண்ணில் ஏற்கெனவே வாழும் மற்றவர்களுக்கு என்ன இடம்? அந்த எல்லைக்கு வெளியே நிற்கும் நம் சொந்தங்களுக்கு என்ன வழி? உள்ளேயே மாற்றுக் கருத்து சொல்பவன் உயிரோடு இருப்பானா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் அந்தக் கோரிக்கைக்கு நியாயம் இருக்கிறது. வராவிட்டால் அது கொடி மாற்றம் மட்டும்தான்.

நாம் இங்கே தனிநாடு கேட்கவில்லை. இது நம் நாடு. நம்முடைய போராட்டம் பூந்த் தொழிலாளியின் போராட்டம் மாதிரி, வாழும் இடத்திலேயே உரிமை கேட்கும் போராட்டம். அந்த உரிமை ஒரு காகிதத்தில் தொடங்குகிறது. தோட்டத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டு, இன்னும் சிவப்பு அடையாளக் கார்டோடு வாழும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. 2024 அக்டோபரில் டேவான் ராக்யாட் ஏற்றுக்கொண்ட அரசியல் சட்டத் திருத்தத்தில், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு இயல்பாகக் கிடைத்துவந்த குடியுரிமையை நீக்கும் பகுதியும் இருந்தது. தகப்பனின் காகிதத்தைக் கேட்ட 1948 இலங்கைச் சட்டத்தை இப்போது நினைத்துப் பாருங்கள்.

ஆகவே உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பிறப்புப் பத்திரத்திலோ அடையாளக் கார்டிலோ சிக்கல் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மருத்துவமனைச் சீட்டு, பள்ளிக்கூடக் கடிதம், பெற்றோரின் திருமணப் பதிவு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை பள்ளிக்கூடம் சேரும் வயது வரை காத்திருக்காமல் இந்த மாதமே பதிவு இலாகாவுக்குப் போங்கள். எழுத்து மூலமாக விண்ணப்பம் செய்து, கொடுத்ததற்கு நகல் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தரக் கேளுங்கள். அந்தக் கடிதம் இருந்தால்தான் எங்களைப் போன்ற வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் நிற்க முடியும்.

நாடு வேண்டும் என்று உலகில் எத்தனையோ இனங்கள் கேட்கின்றன. நாம் பிறந்த நாடே நம்மை முழுதாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அதை உரக்கக் கேட்போம், ஒன்றாகக் கேட்போம்.